கொள்ளிடக் கரையில் வெள்ளம்: ஊரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொள்ளிடக் கரையோரக் கிராமம் ஒன்றில் பல வருடம் பாடம் சொல்லிக் கொடுத்தேன். வெள்ளம் வந்தால் அந்தப் பள்ளிக்கூடம்தான் முகாம். 2018, 2022, 2024 மூன்று வருடமும் வகுப்பறையில் பாய் விரித்துப் படுத்திருந்த சனங்களோடு நானும் இருந்தேன். ஒவ்வொரு தடவையும் அதே சந்தேகங்கள்தான் வரும். பதில் தெரியாமலே தண்ணீர் வாசலுக்கு வரும்வரை காத்திருந்து, இருட்டில் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே இருக்கின்றன.

மழையே இல்லையே டீச்சர், வெயில் இப்படிக் கொளுத்துது. எங்கேருந்து வெள்ளம் வரும்?

ஆடி, ஆவணியில் வரும் வெள்ளம் நம் ஊர் மழையால் வருவதில்லை. தென்மேற்குப் பருவமழை குடகு மலையிலும் கேரளத்தின் வயநாட்டிலும் கொட்டும். குடகுத் தண்ணீர் கிருஷ்ணராஜசாகர் அணைக்குப் போகும், வயநாட்டுத் தண்ணீர் கபினி அணைக்குப் போகும். இரண்டும் நிரம்பி வழிந்தால் எல்லையில் பிலிகுண்டுலு தாண்டி மேட்டூருக்கு வரும். மேட்டூரும் நிரம்பியிருந்தால் அப்புறம் நம் பக்கம்தான்.

அதனால் ஜூலை பிறந்தால் நம் ஊர் வானத்தைப் பார்ப்பதைவிட வயநாட்டுச் செய்தியைப் பார்ப்பது பிரயோசனம். வாசலில் நெல் காயப் போட்டிருக்கும் அன்றுகூட கொள்ளிடத்தில் இரு கரை தொட்டுத் தண்ணீர் போகலாம்.

கனஅடி கனஅடின்னு டிவியில சொல்றாங்களே, அது எவ்வளவு தண்ணி?

ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள தொட்டியில் கொள்ளும் தண்ணீர் ஒரு கனஅடி. சுமார் 28 லிட்டர், இரண்டு குடத்துக்குக் கொஞ்சம் குறைவு. செய்தியில் சொல்வது ஒவ்வொரு விநாடியும் போகும் அளவு. ஒரு லட்சம் கனஅடி என்றால் விநாடிக்கு 28 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணி லாரி 235 வரிசையாக நின்று, ஒவ்வொரு விநாடியும் அத்தனையும் ஒன்றாகக் கொட்டுவதாக நினைத்துப் பாருங்கள்.

டிஎம்சி என்பது தேங்கி நிற்கும் அளவு. ஒரு டிஎம்சி 100 கோடி கனஅடி. லட்சம் கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 8.64 டிஎம்சி. மேட்டூர் அணையின் மொத்தக் கொள்ளளவே 93.47 டிஎம்சிதான். அடியோடு காலியாக இருந்தாலும் அந்த வேகத்தில் 11 நாளில் நிரம்பிவிடும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இரண்டு கேள்விகளுக்கு வேண்டும்.

மேட்டூர் 120 அடி ஆயிடுச்சுன்னா உடனே பயப்படணுமா?

120 அடி என்பது அணை நிரம்பிவிட்டது என்ற செய்தி மட்டும்தான். பார்க்க வேண்டியது நீர்வரத்து. அணை நிரம்பியபின் வருவதை அப்படியே வெளியே விட்டாக வேண்டும், பிடித்து வைக்க இடமில்லை. வரத்து 15,000 என்றால் பாசனத்துக்கே சரியாகப் போய்விடும். அதுவே ஒரு லட்சம் என்றால் 16 கண் மதகைத் திறந்து ஆற்றில் விடுவார்கள். அணை 90 அடியில் இருக்கும்போது லட்சம் கனஅடி வந்தாலும் நமக்குச் சில நாள் அவகாசம் உண்டு. 119 அடியில் இருக்கும்போது வந்தால் அவகாசம் இல்லை. இரண்டு எண்ணையும் சேர்த்துப் பாருங்கள்.

மேட்டூர்ல திறந்தா எங்க ஊருக்கு எத்தனை மணி நேரத்துல வரும்?

பாசனத்துக்கு ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தால் கல்லணையைப் பெரும்பாலும் 15 அல்லது 16-ஆம் தேதிதான் திறக்கிறார்கள். காய்ந்து கிடக்கும் மணல் முதல் தண்ணீரைக் குடித்துவிடும், அதனால் அந்த மூன்று, நான்கு நாள். வெள்ளக் காலத்தில் ஆறு ஏற்கெனவே நனைந்திருக்கும், தண்ணீரும் ஆழமாக ஓடும், அதனால் சீக்கிரம் வந்துவிடும். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்புக்கு ஒன்றரை நாள் போல ஆகும். அங்கிருந்து கொள்ளிடத்தின் கீழணை இருக்கும் அணைக்கரை, அப்புறம் கடலோரக் கிராமங்கள் என்று இறங்க இன்னும் நேரம் பிடிக்கும்.

ஆக, கடைசிக் கிராமத்துக்கும் மேட்டூர் எண்ணுக்கும் நடுவே இரண்டு நாள் இருக்கிறது. அந்த இரண்டு நாளையும் உட்கார்ந்து பேசுவதற்கு வைத்துக்கொள்ளாதீர்கள். முதல் நாளே முதியவர்கள், கர்ப்பிணிகள், மாடு கன்று எல்லாம் மேட்டுக்குப் போய்விட வேண்டும். இரண்டாவது நாள் சாமான்களுக்கு.

மேட்டூர்ல எண்பதாயிரம்தான் விட்டாங்களாம், முக்கொம்புல லட்சத்துக்கு மேல போகுதாம். யார் சொல்றது பொய்?

இரண்டும் உண்மையாக இருக்கலாம். மேட்டூருக்குக் கீழே பவானி ஆறு கூடுதுறையில் சேர்கிறது. அப்புறம் நொய்யல், கரூர் தாண்டி அமராவதி. பவானிசாகரும் அமராவதி அணையும் நிரம்பி வழியும் நாளில் மேட்டூர் கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் ஏமாந்து போவோம். நமக்குப் பொருந்துவது முக்கொம்பில் கொள்ளிடத்துக்குள் திறந்துவிடும் அளவு. அணைக்கரைக்குக் கீழே உள்ளவர்களுக்கு அணைக்கரை அளவு.

எல்லாத்தையும் ஏன் கொள்ளிடத்துல தள்ளி எங்களை முக்குறாங்க? காவிரியில விட்டா ஆகாதா?

இந்தக் கேள்வியில் இருக்கும் வருத்தம் நியாயமானது. ஆனால் காவிரியால் தாங்க முடியாது. கல்லணையில் ஆறு காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. காவிரியிலும் வெண்ணாற்றிலும் பத்தாயிரம் கனஅடியைச் சுற்றித்தான் பாதுகாப்பாக விடலாம், கால்வாயில் அதில் பாதிகூட முடியாது. அதற்கப்புறமும் அவை அரசலாறு, குடமுருட்டி, வீரசோழனாறு, வெட்டாறு என்று கிளை கிளையாகப் பிரிந்து, வயலுக்குப் பாயும் வாய்க்காலாகச் சுருங்கிவிடும். பூம்புகாரில் கடலைச் சேரும் காவிரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இதுவா காவிரி என்று கேட்கும் அளவு ஒடுங்கியிருக்கும்.

கொள்ளிடம் அகலமானது, சரிவும் கொஞ்சம் கூடுதல். வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்பதால்தான் அந்தப் பெயர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். லட்சம் கனஅடியைக் காவிரியில் விட்டால் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை எல்லாம் முழுகும். அதற்காக, கொள்ளிடத்துக்குள் வீடு வைத்திருப்பவர்களை மறந்துவிடலாம் என்று ஆகாது. மற்ற ஊர்களின் சுமையை இவர்கள் தாங்குகிறார்கள். நிவாரணம் கேட்கும்போது தலை குனியத் தேவையில்லை.

எங்க ஊரு படுகையா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

கரையின் மேல் ஏறி நில்லுங்கள். உங்கள் வீடு ஆற்றுப் பக்கம் இருந்தால் படுகை. இரண்டு பக்கமும் தண்ணீர் பிரிந்து போனால் திட்டு. நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, திட்டுக்காட்டூர் என்று பெயரிலேயே இருக்கிறது பாருங்கள். படுகை வண்டல் நல்ல மண். பூச்செடி, கத்திரி, வாழை எல்லாம் அப்படி விளையும். அந்த வண்டலைக் கொண்டுவந்து போட்டது இதே வெள்ளம்தான்.

எத்தனை கனஅடி வந்தா வீட்டை விட்டுக் கிளம்பணும்? ஒரு கணக்கு சொல்லுங்க.

எல்லா ஊருக்கும் ஒரே கணக்கு கிடையாது. ஆனால் உங்கள் ஊருக்கு நீங்களே கண்டுபிடிக்கலாம். நான் செய்ததைச் சொல்கிறேன். எங்கள் படித்துறையில் எத்தனையாவது படிவரை தண்ணீர் நிற்கிறது என்று காலையும் மாலையும் ஒரு நோட்டில் எழுதினேன். பக்கத்திலேயே அன்றைக்கும் முதல் நாளும் அணைக்கரையில் சொன்ன கனஅடி. இரண்டு வெள்ளம் போவதற்குள், இவ்வளவு திறந்தால் இத்தனாவது படி, அதைத் தாண்டினால் மறுநாள் கீழத்தெரு என்று சொல்ல முடிந்தது. படித்துறை இல்லாத ஊரில் பாலத்துத் தூணிலோ வேப்பமரத்திலோ பெயின்ட் அடித்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. ஒரே கனஅடிக்கு எப்போதும் ஒரே படி வராது. கடல் ஏறியிருக்கும் அமாவாசை, பௌர்ணமி நாளில் கடலோரக் கிராமங்களில் கூடுதலாக நிற்கும். ஒரு வாரமாக ஆறு நிறைந்து ஓடிய பிறகு கரையும் ஊறியிருக்கும். அதனால் உங்கள் கணக்கு காட்டும் இடத்துக்கு ஒரு படி முன்னாலேயே கிளம்புங்கள். அதிகாரிகள் வெளியேறச் சொன்னால் நோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே போய்விடுங்கள்.

மலை ஊர்ல அரை மணி நேரத்துல ஊரே அடிச்சுட்டுப் போகுதே, அந்த மாதிரி இங்கேயும் வருமா?

2013 ஜூனில் கேதார்நாத்திலும், 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையிலும் நடந்ததைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் இதைக் கேட்டார்கள். அது வேறு மாதிரி வெள்ளம். பள்ளத்தாக்கில் சரிவு அதிகம். இமயமலைப் பக்கம் ஓடைத் தண்ணீர் விழும் வேகத்திலேயே சக்கரத்தைச் சுற்றி மாவு அரைக்கும் பழைய ஆலைகள் உண்டு, கராட் என்பார்கள். சக்கரத்தைச் சுற்றும் அதே சரிவு, பெருமழை நாளில் பாறையையும் மரத்தையும் உருட்டிக்கொண்டு வந்துவிடும். ஆலை ஓடையை ஒட்டித்தான் இருந்தாக வேண்டும் என்பதால் முதலில் அடிபடுவதும் அதுதான்.

நம் டெல்டாவில் தரை ஏறக்குறையத் தட்டை. தண்ணீரால் சுற்றும் ஆலை நமக்கு வழக்கமில்லை, ஏற்றம் போட்டு இறைத்தவர்கள் நாம். வெள்ளமும் மெதுவாக ஏறும், மெதுவாகத்தான் வடியும். மலையில் அவகாசம் நிமிடக் கணக்கு, நமக்கு நாள் கணக்கு.

ஒன்றைச் சொல்ல வேண்டும். சூரல்மலைத் தண்ணீர் சாலியாற்றில் சேர்ந்து மேற்கே அரபிக்கடலுக்குப் போனது. அந்த மலையின் கிழக்குப் பக்கம் பெய்த மழை கபினி வழியாக நமக்கு வந்தது. அதே ஜூலை 30-ல்தான் மேட்டூர் 120 அடியைத் தொட்டது. இங்கே ஆடிப்பெருக்குக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று பூரித்த வாரத்தில் அங்கே ஊர்களே மண்ணுக்குள் கிடந்தன. அந்த வருடம் படித்துறையில் விளக்கு விட்டபோது எனக்கு மனசு கனத்துத்தான் இருந்தது.

அப்போ திடீர் வெள்ளம்னு ஒண்ணு நமக்குக் கிடையவே கிடையாதா?

இரண்டு வகையில் உண்டு. ஒன்று, கரை உடைப்பெடுத்தால். அதைப் பின்னால் ஊற்று பற்றிய கேள்வியில் சொல்கிறேன். இன்னொன்று ஐப்பசி, கார்த்திகை மழை. 2022 நவம்பர் 11-ஆம் தேதி இரவு சீர்காழியில் கொட்டியதை யாரும் மறந்திருக்க முடியாது. ஒரே நாளில் 44 சென்டிமீட்டர். மேட்டூருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வானத்திலிருந்து நேராக நம் தலையில் விழுந்தது. விடிவதற்குள் வயல் எது, ரோடு எது என்று தெரியவில்லை. இந்த வெள்ளத்துக்கு இரண்டு நாள் கணக்கெல்லாம் செல்லாது, வானிலை அறிவிப்பை மட்டும்தான் நம்ப வேண்டும். சிவப்பு எச்சரிக்கை என்றால் அன்று மாலையே தாழ்ந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

ஊருக்குள்ள இடுப்பளவு தண்ணி நிக்குது. வடிகால் மதகைத் திறந்துவிட்டா ஆத்துக்குப் போயிடும்ல? ஏன் திறக்க மாட்டேங்குறாங்க?

நான் அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான். இதற்காக மதகடியில் கைகலப்புகூட நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தண்ணீருக்கு ஊரும் தெரியாது, ஆறும் தெரியாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போகும், அவ்வளவுதான். ஊருக்குள் நிற்கும் தண்ணீரின் மட்டம் ஆற்று மட்டத்தைவிட உயரமாக இருந்தால் மதகைத் திறக்கலாம், வடிந்துவிடும். ஆறு உயரமாக இருக்கும்போது திறந்தால் இடுப்பளவு கழுத்தளவு ஆகும். கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது, கரை நடுவில் மறைக்கும். இரண்டு பக்கமும் மதகுச் சுவரில் அளவுக்கோடு இருக்கும், அதை ஒப்பிட வேண்டும். கோடு அழிந்திருந்தால் கோடையிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

பழைய மதகுகள் பலவற்றில் இரும்பு ஷட்டர் கிடையாது. செங்கல், சுண்ணாம்புக் காரைச் சுவரில் காடி விட்டு, அதில் பலகை இறக்குவார்கள். பலகை இரண்டு காணாமல் போயிருக்கும், அல்லது அடியில் வெங்காயத்தாமரை சிக்கி முழுதாக இறங்காது. ஆறு ஏறும்போது அந்தச் சந்து வழியாகத்தான் ஊருக்குள் தண்ணீர் வருகிறது. ஒரு வருடம் எங்கள் தெரு முழுகியதற்குக் காரணம் ஒரே ஒரு பலகை. சித்திரை, வைகாசியில் பத்துப் பேர் போய்ப் பலகையை எண்ணி, காடியில் அடைத்த மண்ணை நோண்டி எடுத்தால் பாதித் தொல்லை தீரும். குடிமராமத்து என்று நம் முன்னோர் செய்த வேலை இதுதான். மதகைத் திறந்து மூடும் லஸ்கரின் போன் நம்பர் ஊரில் நாலு பேரிடமாவது இருக்கட்டும்.

கடல் தண்ணியை வாங்க மாட்டேங்குதுன்னு சொல்றாங்களே, அது நிஜமா?

நிஜம்தான். கடல் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி இறங்கும். ஏறும் நேரம் ஆற்றுத் தண்ணீர் முகத்துவாரத்தில் முட்டி நிற்கும், இறங்கும் நேரம் வடியும். புயல் காலத்தில் காற்றும் கடலைக் கரை நோக்கித் தள்ளும். உப்பனாறு மாதிரி வடிகால்களில் முகத்துவாரம் மணல் மேவிக் கிடந்தால் இன்னும் மோசம்.

கரைக்கு வெளிப்பக்கம் ஊத்து கிளம்புது டீச்சர், சாக்கை வச்சு அடைச்சுடலாமா?

அடைக்காதீர்கள். இது உயிர் போகும் விஷயம், அதனால் நிதானமாகப் படியுங்கள்.

ஆற்றுத் தண்ணீரின் அழுத்தம் கரைக்கு அடியில் மணல் வழியாகவோ நண்டு வளை, எலி வளை வழியாகவோ வந்து மறுபக்கம் ஊற்றாகக் கிளம்புகிறது. வாயை இறுக்கி அடைத்தால் அழுத்தம் போகாது, பக்கத்தில் இன்னொரு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். முதலில் ஊற்றுத் தண்ணீர் தெளிவா, கலங்கலா என்று பாருங்கள். தெளிவாக வந்தால் கசிவு மட்டும்தான். கலங்கலாக, மணலோடு வந்தால் கரையின் வயிறு உள்ளே அரிபடுகிறது என்று அர்த்தம். அது மணிக்கணக்கில் உடைப்பாகிவிடும்.

செய்ய வேண்டியது, ஊற்றைச் சுற்றி மணல் மூட்டையைக் கிணற்றுச் சுவர் போல வட்டமாக அடுக்குவது. உள்ளே தண்ணீர் தேங்கி உயர உயர, அந்தத் தண்ணீரின் கனமே ஊற்றை எதிர்த்து அமுக்கும். கலங்கல் நின்று தெளிவாக வரும் உயரம்வரை அடுக்கி, மேலே ஒரு பக்கம் வழிந்தோட வழி விடுங்கள். கூடவே 1077-க்குச் சொல்லுங்கள், அது மாவட்டக் கட்டுப்பாட்டு அறை. ஊரில் ஒலிபெருக்கியில் அறிவியுங்கள். இரவு முழுக்க இரண்டு ஆள் டார்ச்சோடு காவல் இருக்க வேண்டும். கரை பிளந்து வெடிப்பு ஓடினாலோ சரிய ஆரம்பித்தாலோ மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவிடுங்கள். உடைப்பை அடைக்கச் சவுக்குக் கட்டையும் இயந்திரமும் கொண்டு வரட்டும், அது துறைக்காரர்கள் வேலை.

எதிர்க்கரையை வெட்டிவிட்டா நம்ம கரைக்கு அழுத்தம் குறையும்னு சொல்றாங்களே?

குறையும். அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருப்பவர்கள் செத்துப் போவார்கள். இதை யார் பேசினாலும் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

மாட்டை விட்டுட்டு எப்படி வர்றது?

விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை, முதலில் மாட்டை ஓட்டிக்கொண்டு வாருங்கள் என்றுதான் முன்னால் சொன்னேன். படுகையில் கடைசி நேரம்வரை தங்கிப்போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் மாட்டுக்காகத்தான் தங்குகிறார்கள். கரைமேல் எந்த இடத்தில் கட்டுவது, வைக்கோல் யார் வீட்டில் இருக்கிறது என்று ஆனியிலேயே பேசி வையுங்கள். முடியவே இல்லை, தண்ணீர் வந்துவிட்டது என்றால் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். மாடு நீந்தும். கட்டிப் போட்ட மாடுதான் சாகும். காயம்பட்ட மாட்டுக்கு 1962-ல் கால்நடை ஆம்புலன்ஸ் உண்டு.

முகாமுக்கு வந்துட்டா வீட்டுல திருடு போயிடாதா?

பட்டா, ஆதார், வங்கிப் புத்தகம், நகை இவற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி உடம்போடு எடுத்து வாருங்கள். மற்ற சாமானைப் பரணில் ஏற்றுங்கள். மின்சார மெயினை அணைத்து, சிலிண்டரை மூடிவிட்டுப் பூட்டுங்கள்.

நெல்லு முங்கிடுச்சு. எத்தனை நாள் தாங்கும்?

நுனி வெளியே தெரிந்தால் நம்பிக்கை உண்டு. முழுக்க முழுகினால் சாதாரண ரகம் ஒரு வாரம்கூடத் தாங்குவது கஷ்டம். தண்ணீர் கலங்கலாக இருந்தால் வெளிச்சம் இறங்காமல் இன்னும் சீக்கிரம் அழுகும். தாழ்ந்த வயல்காரர்கள் சம்பாவுக்கு சிஆர் 1009 சப்-1 போடலாம், அது இரண்டு வாரம்வரை முழுகியிருந்தும் தழைத்து வரும் ரகம். பூக்கும் பருவத்தில் முழுகினால் எந்த ரகமும் பதராகும்.

தண்ணீர் வடிந்ததும் யூரியா மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். வேர் மூச்சு வாங்கட்டும். வயலை நன்றாக வடித்து, புதுத் தளிர் தெரிந்தபின் யூரியாவோடு ஜிப்சமும் வேப்பம்புண்ணாக்கும் கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து போடுங்கள். அதற்கு முன் வயலைப் போட்டோ எடுத்துக் கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டிவிடுங்கள். குத்தகைக்குச் சாகுபடி செய்பவர்கள் அடங்கலில், அதாவது ஊரின் சாகுபடிக் கணக்கில், தங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று நட்ட உடனே பார்க்க வேண்டும். முழுகியபின் போய்க் கேட்டு வெறுங்கையோடு திரும்பியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

தண்ணி வடிஞ்சுடுச்சு, அடிபைப்புத் தண்ணியைக் குடிக்கலாமா?

பைப்பு முழுகியிருந்தால் ஊராட்சியில் குளோரின் போட்டுச் சுத்தம் செய்யும்வரை குடிக்காதீர்கள். எந்தத் தண்ணீரையும் தளதளவென்று கொதிக்க வைத்துத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். சேற்றில் வெறுங்காலோடு நடந்தபின் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், வெள்ளத்தில் நடந்ததைச் சொல்லி ஆரம்பச் சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். வீட்டுக்குள் நுழையுமுன் கழியால் தட்டுங்கள். பரண், அடுப்படி, விறகு என்று பாம்பு ஒண்டியிருக்கும்.

மணல் அள்ளி அள்ளி ஆறு பள்ளமாயிடுச்சே. அப்போ தண்ணி கூடுதலா கொள்ளணுமே, வெள்ளம் குறையணுமே?

நல்ல கேள்வி. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். ஆறு முழுக்க ஒரே சீராகப் பள்ளமானால் அப்படித்தான் ஆக வேண்டும். ஆனால் அங்கங்கே குழி விழுகிறது. குழியில் தண்ணீர் சுழன்று கரையின் அடியையும் பாலத்தின் காலையும் அரிக்கும். திருச்சியில் 1928-ல் கட்டிய பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்கள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடிந்து விழுந்தன. பாலம், கதவணை எல்லாம் ஆற்று மணலின் மட்டத்தை நம்பிக் கட்டியவை. மட்டம் இறங்கினால் அஸ்திவாரம் வெளியே வந்துவிடும். வெள்ளம் இல்லாத மாதங்களில் அதே பள்ளம் வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே ஏறி நிலத்தடி நீரைக் கெடுக்கிறது. கொள்ளிடக் கடைக்கோடியில் கிணறு உவர்த்துப் போன வீடுகளில் கேட்டுப் பாருங்கள்.

2018-ல முக்கொம்பு உடைஞ்சுதே. கல்லணையும் உடைஞ்சுடுமா?

2018 ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த 45 மதகுகளில் 9 அடித்துக்கொண்டு போனது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1830-களில் கட்டிய மேலணை அது. இப்போது அங்கே புதுக் கதவணை இருக்கிறது. கல்லணை நிலைமை வேறு. முக்கொம்பிலேயே பெருவெள்ளம் கொள்ளிடத்துக்குத் திரும்பிவிடுவதால் கல்லணைக்கு வருவது மிச்சம்தான். அதிலும் கூடுதலானதைக் கல்லணை தன் பக்கத்து மதகு வழியாகக் கொள்ளிடத்துக்கே தள்ளிவிடும். கரிகாலன் காலத்து அடித்தளம் ஆற்று மணலில் கல்லை இறக்கி அமுங்க விட்டுக் கட்டியது, காட்டனே அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். ஆனாலும் பராமரிப்பு இல்லாமல் எந்த அணையும் நிற்காது.

இவ்வளவு தண்ணியும் கடலுக்கு வீணாப் போகுதே, குறுக்கே அணை கட்டி நிறுத்தக் கூடாதா?

ஆரம்பத்தில் சொன்ன கணக்கை எடுங்கள். ஆதனூர், குமாரமங்கலம் இடையே கொள்ளிடத்தில் கட்டிய கதவணையின் கொள்ளளவு 0.334 டிஎம்சி. லட்சம் கனஅடி வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் அது நிரம்பிவிடும். தட்டையான நிலத்தில் பெரிய அணை கட்ட இடமில்லை, கட்டினால் முழுகுவது நம் ஊர்கள்தான். கதவணைகள் வேண்டும், ஆனால் நிலத்தடி நீருக்கும் உப்பைத் தடுப்பதற்கும்தான், வெள்ளத்தை நிறுத்த அல்ல. வீராணம் மாதிரி இருக்கிற ஏரிகளைத் தூர் வாரினால் கொஞ்சம் பிடிக்கலாம்.

கடலுக்குப் போவதெல்லாம் வீண் என்றும் நான் நினைக்கவில்லை. பிச்சாவரம் அலையாத்திக் காடும் பழையாற்று மீனவர்களின் இறாலும் நண்டும் அந்த நல்ல தண்ணீரையும் வண்டலையும் நம்பித்தான் இருக்கின்றன.

படுகையை விட்டு நிரந்தரமா மேட்டுக்கு வந்துடுங்கன்னு அதிகாரிங்க சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க டீச்சர்?

வீட்டை மாற்றுங்கள், நிலத்தை விடாதீர்கள் என்பேன். மனைப்பட்டா கொடுத்தால் வாங்கிக்கொண்டு கரைக்கு வெளியே வீடு கட்டுங்கள். பகலில் படுகைக்குப் போய்ப் பூப்பறித்து, கத்திரிக்குத் தண்ணீர் பாய்ச்சி, மாலையில் திரும்பி வரலாம். மனை வெகு தூரத்தில், வேலைக்கே போக முடியாத இடத்தில் என்றால் மறுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஊரே சேர்ந்து கரையை ஒட்டிய மனை வேண்டுமென்று கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். மனை கிடைக்கும்வரை, ஆடி பிறந்தால் அந்த நோட்டைத் தூசி தட்டி எடுங்கள். எங்கள் படித்துறைக் கணக்கு வேண்டுமானால் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன், வந்து பார்த்து எழுதிக்கொள்ளலாம்.